ஓரக் கன்றுகள்

ஏப்ரல் 9

சின்னவளுக்கு,

நடுவை வைத்துக்கொண்டு ஓரத்தை எறிந்துவிட்டாய். நீ செய்த குற்றம் இதுதான். நலம் விசாரிப்பு இந்தக் கடிதத்தில் கிடையாது.

உன் அஞ்சலட்டையை நான்கு முறை படித்தேன். "ஆஸ்டர் கொத்தைத் தோண்டினேன். நடுவிலிருந்த நல்ல தடித்த கட்டையை மூன்றாக வெட்டி நட்டேன். சுற்றிலும் நூல் நூலாகத் தொங்கிக்கொண்டிருந்ததை அப்புறப்படுத்தினேன்" என்று எழுதியிருக்கிறாய். கீழே "திருப்திதானே?" என்று ஒரு கேள்வி வேறு.

ஆஸ்டர் கொத்து வெளிப்பக்கம் பார்த்து வளரும். நான்கு வருடத்தில் நடு கிழண்டுபோய் விறகாகிவிடும். உயிரெல்லாம் ஓரத்தில், சொந்த வேரோடு நிற்கும் இளங்கன்றுகளில்தான். கன்றை நட்டுவிட்டுக் கட்டையை எறிய வேண்டும். நீ குழந்தையை வெளியே அனுப்பிவிட்டுத் தொட்டிலை ஆட்டிக்கொண்டிருக்கிறாய்.

வேறு எந்தச் செடியில் இதைச் செய்திருந்தாலும் ஒரு வாரம் திட்டிவிட்டு விட்டிருப்பேன். நீ கைவைத்தது கடைசிக்காரியில். பத்தொன்பது வருடத்துக்கு முன்னால் பின்வாசல் சரளைக்கல்லில் தானாக முளைத்தவள். மற்ற ஆஸ்டரெல்லாம் பூத்து முடிந்து கருகிய பிறகு, நவம்பர் குளிரில் பூப்பவள். விதை முற்றுவதற்குள் பனி விழுந்துவிடும். அதனால் அவளுக்கு விதையே கிடையாது, கன்று பிரித்தால்தான் வம்சம். உலகத்திலேயே அந்த ஒரு கொத்துதான் இருந்தது.

எட்டாம் வகுப்போடு நின்ற ஒரு கடைசல் பட்டறைக்காரன், உன் அண்ணன், பூச்செடிகளுக்குப் பெயர் பதியும் கழகத்துக்கு மூன்று வருடம் கடிதம் எழுதி, அவர்களை இப்போதுதான் சம்மதிக்க வைத்திருக்கிறான். நவம்பர் முதல் வாரம் அங்கிருந்து ஒரு அதிகாரி அம்மா நேரில் பார்க்க வருகிறார். ஒரே மாதிரி மூன்று செடிகள் பூத்து நிற்க வேண்டும். நின்றால் கடைசிக்காரி என்ற பெயரும், வளர்த்தவன் என்று என் பெயரும் அவர்கள் புத்தகத்தில் ஏறும். அடுத்த வருடத்திலிருந்து தனியார் தோட்டங்களுக்கு வருவதில்லை என்று அச்சடித்தே அனுப்பிவிட்டார்கள். ஆகவே இந்த ஒரு நவம்பர்தான்.

நானே பிரித்திருப்பேன். இடுப்பில் மூன்று ஸ்க்ரூவோடு மகன் வீட்டு மூன்றாம் மாடியில் கிடக்கிறேன். போனில் பேசுங்களேன் என்கிறான் அவன். போனில் பேசினால் நீ பாதியில் வைத்துவிடுவாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது.

அப்புறப்படுத்தியதை எங்கே அப்புறப்படுத்தினாய்? ஒரு வரி போதும்.

அண்ணன்


ஏப்ரல் 15

அன்புள்ள அண்ணாவுக்கு,

(நீ 'அன்புள்ள' போடாவிட்டாலும் நான் போடுவேன்.)

கடிதத்தையும் பாதியில் வைக்கலாம். வைத்தேன். சாப்பிட்டுக் கைகழுவிவிட்டு வந்து மீதியைப் படித்தேன்.

நீ எனக்கு அனுப்பிய குறிப்பு பதினோரு பக்கம். மண்வெட்டியைத் துடைப்பது எப்படி என்று இரண்டு பக்கம். மண்ணின் ஈரத்தை விரலால் பார்ப்பது எப்படி, எந்த விரலால் என்பது உட்பட, ஒரு பக்கம். எதை வைக்க வேண்டும், எதை எறிய வேண்டும் என்பது ஒன்பதாம் பக்கத்தின் அடியில், பொடி எழுத்தில், ஓரமாக. முப்பத்து நான்கு வருடம் வார்டில் நர்ஸாக இருந்திருக்கிறேன். எந்த டாக்டராவது இப்படி மருந்துச் சீட்டு எழுதியிருந்தால் அவர் மேஜையிலேயே கிழித்துப் போட்டிருப்பேன்.

இன்னொன்று. மாடி எனக்கு, கீழ்வீடும் தோட்டமும் உனக்கு என்று பிரித்துக்கொண்ட நாளிலிருந்து, நான் அந்தப் பாத்தி பக்கம் குனிந்தாலே "கையை எடு" என்பாய். பத்தொன்பது வருடம் கையை எடுத்தேன். இப்போது அந்தக் கைக்கு ஒன்றும் தெரியவில்லை என்று கோபிக்கிறாய்.

எதையும் எறியவில்லை. ஒருவர் கேட்டார், கொடுத்தேன். ஒன்பது கன்று, ஈரச்சாக்கில் சுற்றி. யார் என்று இப்போது எழுதமாட்டேன். உன் இரத்த அழுத்தம் எவ்வளவு என்று முதலில் எழுது. நூற்றைம்பதுக்குக் கீழே இருந்தால் ஆளைச் சொல்கிறேன்.

தங்கை


ஏப்ரல் 20

சின்னவளுக்கு,

நூற்று நாற்பத்தெட்டு. அளந்தது மருமகள். நீ நம்பமாட்டாய் என்பதால் அவள் கையெழுத்தும் கீழே இருக்கிறது.

தையல்கடை அம்மாவா? அப்படியானால் இப்போதே போய் மூன்று கன்றைத் திரும்பக் கேள், கொடுத்துவிடுவார். அடுத்த தெரு ஓட்டுநரா? அவன் வீட்டில் ஆடு இருக்கிறது, ஓடு. யாராக இருந்தாலும் நான் பொறுத்துக்கொள்வேன். ஒரே ஒருவனைத் தவிர.

அண்ணன்

(மாமா அளக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டார், அத்தை. முதல் தடவை நூற்று அறுபத்திரண்டு. – மருமகள்)


ஏப்ரல் 27

அன்புள்ள அண்ணாவுக்கு,

அந்த ஒருவர்தான்.

உட்கார்ந்துகொள். தண்ணீர் குடி. பிறகு மேலே படி.

கண்ணாடிக்கடைக்காரர்தான். தெருமுனையில், பஸ் நிறுத்தத்துக்கு நேராக இருக்கிற அதே கடை. ஐந்து வருடத்துக்கு முன்னால் கடைசிக்காரியின் ஒரு பூவைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு படிக்கிற கண்ணாடி வாங்க அங்கே போனாயே, அதே ஆள். அன்று அவர் சொன்னது இரண்டே வாக்கியம். "என்ன ஒரு நீலம் சார் இது!" என்றார். நீ "நீலமா? ஊதா!" என்றாய். "கண்ணைக் கொஞ்சம் பார்த்துடலாமா சார், புரை மாதிரி தெரியுது" என்றார். அது இரண்டாவது. அதற்கு நீ, கடையில் நாலு பேர் இருக்க, "என் செடியோட நிறத்தை எனக்கே சொல்லித் தர்றியா? கண்ணாடி விக்கணும்னா ஊர்ல எல்லாருக்கும் புரைன்னு சொல்லுவியா நீ?" என்று கத்திவிட்டு வந்தாய். அன்றிலிருந்து நடைபாதையில் விற்கிற கண்ணாடிதான் உனக்கு. அந்தக் கடையைத் தாண்டக்கூடாது என்று சந்தைக்கு இரண்டு தெரு சுற்றிப் போகிறாய். இடுப்பு உடைந்ததும் அந்தச் சுற்று வழியில்தான்.

நான் ஏன் அங்கே போனேன் என்று கேட்பாய். கண்ணுக்காகப் போனேன். ஒரு வருடமாக எனக்கு எதுவும் சரியாகத் தெரியவில்லை. இரண்டு கண்ணிலும் புரை, வலதில் அதிகம். உன் ஒன்பதாம் பக்கத்துப் பொடி எழுத்தை நான் படிக்காமல் விடவில்லை அண்ணா. படிக்க முடியவில்லை. உன் திட்டு வந்த பிறகு பூதக்கண்ணாடி வைத்துத்தான் படித்தேன். கொத்தைத் தோண்டியபோதும் அப்படித்தான். தடித்தது தெரிந்தது, மெல்லியது தெரியவில்லை. தெரிந்ததை நட்டேன்.

உனக்கு ஏன் சொல்லவில்லை என்றால், நீ அறுவைச் சிகிச்சைக்குப் போகிற அவசரத்தில் இருந்தாய். சொன்னால் தோட்டச் சாவியை வேறு யாரிடமாவது கொடுத்துவிடுவாய் என்றும் தோன்றியது.

கன்றுகளைக் கடை வாசலில் மூன்று சிமெண்ட் தொட்டியில், மும்மூன்றாக நட்டிருக்கிறார். எதற்கென்று கேட்டேன். "அஞ்சு வருஷமா அந்த நீலத்தை மறுபடி பார்க்கணும்னு இருந்தேம்மா. உங்க அண்ணன்கிட்ட கேட்டா அடிப்பார்" என்றார்.

இலையெல்லாம் துவண்டு கிடக்கிறது. என்ன செய்வது என்று கேட்கிறார். நான் என்ன சொல்லட்டும்?

தங்கை


மே 6

சின்னவளுக்கு,

மூன்று நாள் எழுதக்கூடாது என்று இருந்தேன். நான்காம் நாள் அந்தத் துவண்ட இலை தூங்கவிடவில்லை.

முதலில், அது ஊதா.

இரண்டாவது, கீழே எழுதுவது அவனுக்காக அல்ல, செடிக்காக. நீ வாசித்துக் காட்டு. கடிதத்தை அவன் கையில் கொடுக்காதே.

இப்போது பிடுங்கி வீட்டுக்குக் கொண்டுவரலாம் என்று முதலில் நினைத்தேன். வேர் ஊன்றுகிற நேரத்தில் இரண்டாம் தடவை பிடுங்கினால் போய்விடும். ஆகவே அங்கேயே இருக்கட்டும். தண்ணீர் வேருக்கு, இலைக்கு அல்ல. இலை நனைந்தால் சாம்பல் நோய் வரும், கீழிலையிலிருந்து ஏறும். காலையில் மட்டும் ஊற்றணும். கடை மூடிவிட்டுப் போகிறபோது மிச்சத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் போகிற பழக்கம் கூடாது. ஒரு தொட்டிக்கு மூன்று கன்று அதிகம், ஆனாலும் கலைக்க வேண்டாம், ஒரே கொத்தாகச் சேர்ந்துகொள்ளும். ஜூன் பதினைந்து வாக்கில், முழங்கை உயரம் வந்ததும், ஒவ்வொரு தண்டின் நுனியையும் இரண்டு விரற்கடை கிள்ள வேண்டும். பக்கக் கிளை அப்போதுதான் வெடிக்கும். ஜூலை பிறந்துவிட்டால் கிள்ளக்கூடாது, கிள்ளினால் மொட்டு போச்சு.

பஸ் நிறுத்தம் என்றாயே, நிற்கிறவனெல்லாம் பீடித்துண்டைத் தொட்டியில்தான் குத்துவான். அதற்கு என்ன ஏற்பாடு? நாற்பது வருடம் நூல் பிசகாமல் கடைசல் பிடித்தவன் நான். என் பெயர் ஏறப்போகிற செடி எச்சில் துப்புகிற இடத்தில் நிற்கிறது.

நீ நட்ட கட்டைகள் தளிர்விட்டதா? விடாது. இருந்தாலும் எழுது.

அண்ணன்


ஜூலை 30

அன்புள்ள அண்ணாவுக்கு,

கட்டைகள் மூன்றும் செத்துவிட்டன. ஒன்று மட்டும் ஒரு இலை விட்டுப் பார்த்துவிட்டு மனம் மாறிவிட்டது. நீ சொன்னது சரி. ஒரு தடவை எழுதிவிட்டேன், இன்னொரு தடவை கேட்காதே.

தொட்டிகள் நன்றாக இருக்கின்றன. ஜூன் பதினாறாம் தேதி நுனி கிள்ளினோம். பதினைந்து ஞாயிற்றுக்கிழமை, கடை விடுமுறை. "ஒரு நாள் தள்ளிப்போனா உங்க அண்ணனுக்குத் தெரிஞ்சிடுமா?" என்று பயந்துகொண்டே கிள்ளினார். கண்ணாடிச் சட்டத்துக்கு ஸ்க்ரூ முடுக்கும்போது போட்டுக்கொள்கிற பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு தண்டாக. நீ பார்த்திருந்தால் குறை சொல்ல ஏதாவது கண்டுபிடித்திருப்பாய், ஆனால் கொஞ்சம் சிரமப்பட்டிருப்பாய்.

பீடித்துண்டுக்கும் வழி செய்துவிட்டார். கண் சோதிக்கிற அட்டை மாதிரியே ஒன்று எழுதி வைத்திருக்கிறார். மேலே பெரிய எழுத்தில் 'இது', அடுத்த வரி கொஞ்சம் சிறியதாக 'குப்பைத் தொட்டி அல்ல', அதற்குக் கீழே இன்னும் பொடியாக 'இதைப் படிக்க முடியவில்லை என்றால் உள்ளே வரவும்'. பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் குனிந்து குனிந்து படிக்கிறார்கள். இரண்டு பேர் உள்ளேயும் வந்துவிட்டார்களாம்.

எனக்கு வலது கண் அறுவைச் சிகிச்சை செப்டம்பர் பதினொன்று. ஏப்ரலிலேயே புரை என்று எழுதினேன். மேயில் எனக்கு இரண்டு பக்கக் கடிதம் எழுதினாய். தொட்டி, வேர், இலை, பீடி. கண் என்ற சொல்லே அதில் இல்லை. இன்னொரு தடவை படித்துப் பார்த்தேன், என் பார்வைக் கோளாறோ என்று. இல்லை.

தங்கை


ஆகஸ்ட் 8

சின்னவளுக்கு,

கூட யார் வருகிறார்கள்?

கேட்கவில்லை என்று குற்றம் சொன்னாய், கேட்டுவிட்டேன். மேயில் கேட்காததற்குக் காரணம் இருக்கிறது. எழுதினேன். அடித்துவிட்டேன். "கண் எப்படி இருக்கிறது" என்று எழுதினால் அடுத்த வரி அவனைப் பற்றி எழுத வேண்டிவரும். புரை என்று உனக்குச் சொன்னவன் அவன். சரியாகத்தான் சொல்லியிருக்கிறான் என்று நான் எழுத வேண்டும். அது எனக்கு வரவில்லை.

நானே வந்திருப்பேன். டிசம்பர் முடியும் வரை படி இறங்கக்கூடாது என்று எலும்பு டாக்டர் சொல்லிவிட்டார். கடைசிக்காரி பூக்கும்போது நான் பக்கத்தில் இல்லாத முதல் வருடம் இது. மகன் பால்கனியில் ஏதோ காகிதப்பூச் செடி வாங்கி வைத்து "இதைப் பாருங்கப்பா" என்கிறான். பார்த்தேன். வருடம் முழுக்கப் பூக்கிறது. அதில் என்ன இருக்கிறது?

அறுவைக்குப் பிறகு குனியாதே. தண்ணீர்க் குடம் தூக்காதே. நர்ஸ் என்றால் எல்லாம் தெரியும் என்று நினைத்துக்கொண்டு அடுத்த நாளே துணி துவைப்பாய், தெரியும்.

தண்டு சாயும். செப்டம்பரிலேயே குச்சி கட்டணும், தண்டைச் சுற்றித் தளர்வாக. இறுக்கினால் ஒடியும். இதைச் செய்ய வேண்டியது நீ அல்ல. அவன் செய்யட்டும்.

அண்ணன்


நவம்பர் 6

அன்புள்ள அண்ணாவுக்கு,

வலது கண் நன்றாக இருக்கிறது. கூட வந்தது கண்ணாடிக்காரரும் அவர் மனைவியும். துணி அடுத்த நாள் துவைக்கவில்லை. மூன்றாம் நாள் துவைத்தேன்.

பதிவுக் கழகத்து அம்மா நேற்று வந்தார். முழுதும் எழுதுகிறேன், இடையில் கத்தாதே.

மூன்று தொட்டியும் ஒரே நேரத்தில் பூத்திருக்கின்றன. இலை தெரியவில்லை. தெருவில் வேறு எதிலும் ஒரு பூ இல்லை. அந்த அம்மா பஸ்ஸிலிருந்து இறங்கினார், பை ஒன்று, குடை ஒன்று. விலாசச் சீட்டைப் பார்த்துவிட்டு நம் வீட்டுப் பக்கம் நடந்தவர், நான்கு அடி வைத்துத் திரும்பி வந்து தொட்டி முன்னால் நின்றுவிட்டார். "இதுவா?" என்றார். நான் "இதுதான்" என்றேன். அவர் குனிந்து ஒரு பூவை விரலால் நிமிர்த்திப் பார்த்தார். பிறகு பையைத் திறந்து ஒரு கட்டு நிற அட்டையை எடுத்தார், விசிறி மாதிரி விரிகிறது, ஒவ்வொன்றிலும் நடுவில் ஒரு ஓட்டை. பூவை ஓட்டைக்குப் பின்னால் வைத்து ஒவ்வொரு அட்டையாகப் பார்த்தார்.

"படிவத்துல ஊதான்னு எழுதியிருக்கே?" என்றார்.

"எங்க அண்ணன் அப்படித்தான் சொல்வார்."

"இது ஊதா இல்லையேம்மா. இவ்வளவு சுத்தமான நீலம், இவ்வளவு பிந்திப் பூக்கிறதுல, நான் பார்த்ததே இல்லை. ஏன் மறைச்சார்?"

கண்ணாடிக்காரர் உள்ளிருந்து ஸ்டூல் எடுத்துக்கொண்டு வந்தவர், அப்படியே நின்றுவிட்டார். ஜெயித்த முகம் இருக்கும் என்று பார்த்தேன். இல்லை. "மறைக்கலைங்க. அவருக்கு அப்படித்தான் தெரியுது" என்றார். ஸ்டூலை அந்த அம்மாவுக்குப் போட்டார்.

அண்ணா, நானும் பார்த்தேன். இடது கண்ணை மூடிக்கொண்டு வலதால் பார்த்தேன். நீலம். எப்படிப்பட்ட நீலம் என்று சொல்லத் தெரியவில்லை. வலதை மூடிக்கொண்டு இன்னும் புரை இருக்கிற இடதால் பார்த்தேன். நீ சொல்கிற அதே மங்கல் ஊதா, சாயம் போன துணி மாதிரி. மாற்றி மாற்றிப் பார்த்தேன். பஸ்ஸுக்கு நின்றவர்கள் எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்திருப்பார்கள்.

எப்போதிலிருந்து நீ அதை ஊதாவாகப் பார்க்கிறாய்? முதல் வருடம் அதற்கு என்ன நிறம் என்று சொன்னாய், ஞாபகம் இருக்கிறதா? எனக்கு இல்லை.

விஷயம் இதுதான். படிவத்தில் ஒரு நிறமும் செடியில் ஒரு நிறமும் இருந்தால் பதிய முடியாதாம். வளர்த்தவர் கையெழுத்திட்ட புதிய படிவம் வேண்டும். இருபத்து நான்காம் தேதி இந்தப் பக்கம் வேறு வேலையாக வருகிறார், அப்போது கையில் கொடுத்தால் அங்கேயே செடியோடு சரிபார்த்து முத்திரை வைத்துவிடுவார். இல்லையென்றால் இல்லை. படிவத்தை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போட்டிருக்கிறேன், கையெழுத்து அங்கே.

நீ "ஊதா" என்றே எழுதி அனுப்புவாய் என்று எனக்குத் தெரியும். அனுப்பினால் உன்னோடு எனக்குப் பேச்சு இல்லை. கடிதமும் இல்லை.

தங்கை


நவம்பர் 13

சின்னவளுக்கு,

முதல் வருடம் என்ன நிறம் என்று நான் யாரிடமும் சொல்லவில்லை. என் பழைய தோட்ட நோட்டில் எழுதியிருந்தேன். நோட்டு என் பெட்டியில் இருக்கிறது, மகனிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். என்ன எழுதியிருந்தது என்பதை உனக்கு எழுத எனக்கு விருப்பமில்லை.

நான் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. நான் பார்க்காத வரை எனக்கு அது ஊதாதான். பார்க்காததை எழுதிக் கையெழுத்துப் போடுகிற பழக்கம் பட்டறையிலும் இருந்ததில்லை. ஆனால் செடி காத்திருக்காது, அந்த அம்மாவும் காத்திருக்கமாட்டார். ஆகவே யார் என்ன செய்ய வேண்டும் என்று கீழே எழுதியிருக்கிறேன். இந்தத் தடவை ஒரே பக்கம். பெரிய எழுத்து.

மகன்: பத்தொன்பதாம் தேதி அரை நாள் விடுப்பு எடுத்து, நாற்காலியோடு என்னைக் கீழே இறக்கி, கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும். எலும்பு டாக்டரிடம் அவனே பேசிக்கொள்ளட்டும். புரை இல்லை என்று எழுதி வாங்கத்தான் போகிறேன்.

மருமகள்: அன்றைக்கு இரத்த அழுத்தம் அளந்தால் அளந்ததை மட்டும் சொல்ல வேண்டும். கடிதங்களில் பின்குறிப்பு எழுதக்கூடாது.

நீ: கண் மருந்தை வேளை தப்பாமல் விட வேண்டும். பனி விழுகிற நாளில் தொட்டிகளைப் பழைய போர்வையால் மூட வேண்டும். பிளாஸ்டிக் கூடாது. பூ முடிந்ததும் தண்டை வெட்டாதே, குளிர் போகும் வரை அப்படியே நிற்கட்டும். இடது கண்ணுக்குத் தேதி குறித்தவுடன் எனக்கு எழுது. நான் அதற்குள் நடந்துவிடுவேன், கூட வருவேன்.

பதிவுக் கழகத்து அம்மா: காலை பதினொரு மணிக்குள் வர வேண்டும். மதியத்துக்கு மேல் கடையின் தகரக்கூரை நிழல் தொட்டி மேல் விழும். பூவைக் கடைக்குள் கொண்டுபோய்க் குழல் விளக்கில் பார்க்கக்கூடாது. வெயிலில்தான் பார்க்க வேண்டும்.

நான்: படிவத்தை நிரப்பிவிட்டேன், இத்துடன் இருக்கிறது. பெயர் கடைசிக்காரி. வளர்ந்த இடம் என்ற கட்டத்தில் "கண்ணாடிக் கடை வாசல், பஸ் நிறுத்தம் எதிரில்" என்று எழுதியிருக்கிறேன். இப்போது அதுதான் உண்மை. கையெழுத்தும் போட்டுவிட்டேன், உன் பெருக்கல் குறியின் மேலேயே. நிறம் என்ற கட்டத்தில் எதுவும் எழுதவில்லை.

கண்ணாடிக்காரர்: அந்தக் கட்டத்தை நிரப்ப வேண்டியது அவர். இருபத்து நான்காம் தேதி, அந்த அம்மா முன்னால், தொட்டி பக்கத்தில் நின்று, பூவைப் பார்த்துக்கொண்டு, மையால் எழுத வேண்டும். ஒரு சொல் போதும். அடித்துத் திருத்தக்கூடாது.

அண்ணன்